ஆறு கருவி, ஆறு கணக்கு: தெருக் காற்றை நாங்களே அளக்கிறோம், எதை நம்புவது?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து நாலு மாதமாகக் காற்றை அளக்கிறோம். தெருக்கோடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறை இருக்கிறது. ராத்திரி ஜன்னலைத் திறந்தால் கருகல் வாடை. காலையில் மாடிக் கைப்பிடியைத் துடைத்தால் துணி கறுத்துவிடுகிறது. போய்க் கேட்டால், "அது ரோட்டுல போற வண்டிப் புகை" என்று ஒரே பதில். சரி, நாமே அளந்துவிடுவோம் என்று ஆளுக்கொரு பி.எம். 2.5 சென்சார் (2.5 மைக்ரோமீட்டருக்கு மேல் போகாத நுண்துகளை அளப்பது) வாங்கி மாட்டினோம். நாலு வீட்டில் பிளான்டவர் கம்பெனிக் கருவி, இரண்டு வீட்டில் எஸ்.டி.எஸ். 011 என்ற மாடல்.

இப்போது நிலைமை இது. ஒரே நேரத்தில் என் வீட்டில் 48 காட்டுகிறது, எதிர்வீட்டில் 83. பனி இறங்கிய ஒரு காலையில் எதிர்வீட்டுக் கருவி 312-ஐத் தொட்டது. ஆனால் வாடை மூக்கைத் துளைக்கிற சில ராத்திரிகளில் ஒரு கருவியும் அசையவே இல்லை. ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரசு அளவீட்டு நிலையத்தில் எல்லா நாளும் எங்களைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் எங்களைச் சந்திக்க ஐந்து வாரம் கழித்து நேரம் கொடுத்திருக்கிறார்கள். அந்த 312-ஐப் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துப் போவோம் என்கிறார்கள் மற்ற ஐந்து பேரும். எனக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. கணக்கெழுதுவது என் தொழில், அறிவியல் பள்ளிக்கூடத்தோடு சரி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டைக்குடை எழுதியது:

இந்தச் சின்ன டப்பாக்கள் எல்லாம் பொம்மை சார். அரசு நிலையத்தில் இருக்கும் கருவி ஒரு அலமாரி அளவு இருக்கும். காற்றை உறிஞ்சி, தூசியை நாடாவில் படிய வைத்து, பீட்டா கதிர் அதில் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து எடையைச் சொல்லும். உங்கள் டப்பா எடையே போடுவதில்லை. அவர்கள் எண்ணை ஒப்புக்கொண்டு வேறு வேலை பாருங்கள்.

பிப்பெட் எழுதியது:

ஓட்டைக்குடை சொல்வதில் பாதி சரி. டப்பா எடை போடுவதில்லை என்பது உண்மை. அதற்காக வேறு வேலை பார்க்கச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி, நான் முப்பது வருஷம் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் குடியிருப்பில் பதினொரு சென்சாருக்குத் தாதி. மூன்று வருஷத்தில் செய்யாத தப்பு இல்லை. அதனால் முதலில் ஒன்று: 312-ஐக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த ஒரு எண்ணை அவர்கள் உடைத்துவிட்டால் உங்கள் நாலு மாத வேலையும் சேர்ந்து உடையும். உடைக்க இரண்டு நிமிஷம் போதும். "அன்றைக்குப் பனியா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த டப்பாவுக்குள் ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி குறுக்கே போகிறது. துகள் வந்தால் ஒளி சிதறும், அதைக் கருவி எண்ணும். எண்ணிக்கையிலிருந்து எடையை ஊகிக்கும். பனிக்காலையில் துகள்கள் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும், பனித்துளியே உள்ளே போனாலும் அதையும் தூசி என்றே எண்ணும். அலமாரிக் கருவியில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தை உலர்த்த ஏற்பாடு இருக்கும், நம்முடையதில் கிடையாது. எஸ்.டி.எஸ். 011-ன் விவரத்தாளைப் பாருங்கள், ஈரப்பதம் 70 சதவீதம் வரைக்கும்தான் வேலை செய்யும் என்று அவர்களே போட்டிருப்பார்கள். இன்னொன்றும் அதில் இருக்கும்: ஆயுள் சுமார் 8,000 மணி நேரம். நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு வருஷம்கூட வராது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பி, அளந்து, தூங்க வைக்கிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் 48, 83 சண்டை. ஆறு கருவியையும் கழற்றி ஒரே மாடியில், ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு முழம் இடைவெளியில் பத்து நாள் வையுங்கள். கழற்ற மனசு வராது, தெரியும். ஆனால் இதைச் செய்யாமல் மீதி எதைச் செய்தும் பிரயோஜனம் இல்லை. மணிக்கு மணி சராசரி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கருவி எப்போதும் மற்றவற்றைப் போல ஒன்றரை மடங்கு காட்டினால் கவலையே இல்லை, அது நல்ல பிள்ளைதான், கொஞ்சம் உரக்கப் பேசுகிறது, வகுத்துக்கொள்ளலாம். ஒரு நேரம் மேலே, ஒரு நேரம் கீழே என்று அலைகிற கருவியைத்தான் ஒதுக்க வேண்டும். ஒதுக்கும் முன் திறந்து பாருங்கள். எங்களிடம் ஒன்று மூன்று வாரம் 400-க்கு மேலேயே நின்றது. உள்ளே சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

மாட்டுகிற இடமும் முக்கியம். எங்கள் முதல் கருவியை ஒரு வீட்டுச் சமையலறைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, ஒரு மாதம் வரைபடம் போட்டு, "காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ரெண்டு சிகரம்!" என்று கூட்டத்தில் நான்தான் விளக்கினேன். அந்த வீட்டம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது நான் அடுப்பு பத்த வைக்கிற நேரம்" என்றார்.

ஆனால் அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் அதுதான். எங்கள் பக்கத்திலும் ஒரு தொழிற்கூடம். தரவில் வாரத்தில் நாலைந்து நாள் நடுநிசி தாண்டி எண் எகிறுகிறது. ராத்திரி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எதையோ கொளுத்துகிறார்கள் என்று முடிவு கட்டி, பதினாலு பேர் வரைபடத்தோடு போய் நின்றோம். அவர்கள் வருகைப் பதிவேட்டை எடுத்துப் போட்டார்கள். அந்த மாதம் முழுக்க இரவுப்பணியே இல்லை. அவமானத்தோடு திரும்பி வந்து கோப்பை மறுபடி புரட்டினால், நேரமெல்லாம் உலகப் பொது நேரத்தில் (யு.டி.சி., நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) பதிவாகியிருக்கிறது. நடுநிசி என்று நாங்கள் படித்தது எங்கள் கடிகாரத்தில் விடிந்த பிறகு. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கமே வைத்திருக்கும் ஆள், எங்கள் மதிலோரத்தில், எங்கள் மரத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி இது. நம் டப்பாவிடம் "எவ்வளவு" என்று கேட்டால் தடுமாறும். "எப்போது", "எந்தப் பக்கமிருந்து" என்று கேட்டால் நன்றாகவே சொல்லும். ஆகவே எண்ணைப் பற்றி வாதாடாதீர்கள், மணியைப் பற்றிப் பேசுங்கள். மாடியில் ஒரு கம்பு நட்டு ரிப்பன் கட்டுங்கள். சென்சாருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும்: தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, பட்டறை ஓடியதா, பனியா, யாராவது குப்பை கொளுத்தினார்களா. கருவி கொடுக்கும் கோப்பைவிட அந்த நோட்டுக்குத்தான் அதிகாரி முன்னால் மதிப்பு.

வாடை இருக்கிறபோது கருவி அசையாதது பழுது இல்லை. அது துகளை மட்டும்தான் பார்க்கும், வாயு அதற்குத் தெரியாது. ஹைட்ரஜன் சல்பைடு மாதிரிச் சில வாயுக்களை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அந்த வேலைக்கு உங்கள் மூக்குதான் நல்ல கருவி. வாடைக் குறிப்பு தனியாக எழுதுங்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டு. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் எழுத வேண்டும், அது முக்கியம்.

வாயுவைப் பிடிக்க வேண்டுமென்றால் வாளி வழி இருக்கிறது. 1995-ல் கலிபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்காக எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர் செய்யச் சொன்னது. பிளாஸ்டிக் வாளி, அதற்குள் டெட்லார் பை (காற்று மாதிரி பிடிக்கிற ஒரு வகை பிளாஸ்டிக் பை). வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்தால் வெளிக்காற்று பைக்குள் வந்து நிரம்பும். வாடை அடிக்கும் அந்தக் கணத்திலேயே பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதே வாளியைத்தான் 2004-ல் கடலூர் சிப்காட் பக்கத்துக் கிராமத்தவர்கள் பயிற்சி எடுத்துக் கையாண்டார்கள். ஆய்வகச் செலவு கடுமையாக இருக்கும், அதனால் அதை முதல் படியாக வைக்காதீர்கள். வாடைக் குறிப்பு ஒரு மாதம் சேர்ந்த பிறகு, எந்த ராத்திரி பிடிப்பது என்று தெரிந்துகொண்டு பிடியுங்கள்.

சராசரி எழுதியது:

பிப்பெட் அம்மா சொன்னதோடு எண் பக்கம் கொஞ்சம். (புள்ளிவிவரம் என் பிழைப்பு, மன்னிக்கவும்.)

312 என்பது எத்தனை நிமிடச் சராசரி? இரண்டு நிமிடம் என்றால் அதை எந்த வரம்போடும் ஒப்பிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பி.எம். 2.5-க்குச் சொன்னது இரண்டு எண்: 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 5. இதற்கு முன் 2005-ல் 25, 10 என்று வைத்திருந்தார்கள். இரண்டிலும் "இந்த நிமிடம்" என்று ஒரு வரம்பே இல்லை. இன்னொரு குழப்பமும் அடிக்கடி பார்க்கிறேன்: அரசு நிலையம் வெளியிடுவது பெரும்பாலும் காற்றுத் தரக் குறியீடு, உங்கள் கருவி தருவது மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல். எதை எதோடு ஒப்பிட்டு "எங்களைவிடக் குறைவு" என்றீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்படியே அளவு ஒன்றாக இருந்தாலும், பிளான்டவர் கூட்டித்தான் காட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பர்ப்பிள்ஏர் கருவிகளுக்கு 2021-ல் வெளியிட்ட திருத்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்: கருவி சொல்வதை 0.524-ஆல் பெருக்கு, ஈரப்பதச் சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. அதாவது ஏறக்குறைய பாதி. பர்ப்பிள்ஏருக்குள் இருப்பதும் பிளான்டவர்தான். ஆனால் இந்தச் சூத்திரத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அது அவர்கள் நாட்டுத் துகளுக்கு, அவர்கள் நாட்டு ஈரத்துக்குப் பொருத்தியது. பட்டறைப் புகைக்கும் விறகுப் புகைக்கும் ஒளி சிதறுவது ஒரே மாதிரி இருக்காது. அரசு நிலையத்தின் மாடியில் உங்கள் கருவி ஒன்றைச் சில வாரம் வைக்க அனுமதி கேளுங்கள். கிடைத்தால் உங்களுக்கென்றே ஒரு சூத்திரம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. விடியற்காலையில் எண் ஏறுவதைப் பார்த்து யாரையும் கைகாட்டாதீர்கள். இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயே தேங்கி, மேலே வெப்பமான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். யாரும் எதையும் கொளுத்தாவிட்டாலும் அன்றைய மிச்சமெல்லாம் கீழே சேரும். அதனால்தான் பட்டறைக்குக் காற்று போகும் பக்கம் ஒரு கருவி, காற்று வரும் பக்கம் ஒரு கருவி வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் பேசுங்கள். தெரு முழுக்கப் பொதுவாக இருப்பது அதில் கழிந்துபோகும்.

மூலக் கோப்பில் ஒரு வரியைக்கூட அழிக்க வேண்டாம். சந்தேகமான மணிகளுக்குப் பக்கத்தில் காரணம் எழுதித் தனிப் பிரதியில் நீக்குங்கள். அழித்தது தெரிந்தால் மீதியையும் நம்ப மாட்டார்கள்.

மொட்டைமாடி எழுதியது:

பிப்பெட் அம்மா, சராசரி, இருவருக்கும் நன்றி. பார்த்தேன். நான் குறியீட்டையும் மைக்ரோகிராமையும் தான் ஒப்பிட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கருவிகளைக் கழற்றி ஒரே மாடியில் வைப்போம் என்று சொன்னதற்கு எதிர்வீட்டுக்காரர், "நீ யார் பக்கம்?" என்று கேட்டுவிட்டார். பத்து நாள் அளக்காமல் விட்டால் அந்தப் பத்து நாளும் பட்டறைக்காரனுக்கு லாபம் என்கிறார். அவருடைய பேத்திக்கு மூச்சுத் தொல்லை. கோபத்தில் நியாயம் இருக்கிறது. எப்படிப் பேசுவது?

இன்னொன்று. கைப்பிடியில் படிகிற அந்தக் கறுப்பு? எண் குறைவாக இருக்கிற நாளிலும் படிகிறது.

பிப்பெட் எழுதியது:

அவரோடு அறிவியல் பேசாதீர்கள் தம்பி. கருவிகளைச் சேர்த்து வைக்கிற மாடி அவருடையதாக இருக்கட்டும், நோட்டும் அவர் கையில் இருக்கட்டும். எங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருந்தார். இன்றைக்கு எங்களில் ஒழுங்காக நோட்டு எழுதுகிறவர் அவர்தான், ஒரு நாள் விட்டதில்லை. பத்து நாளும் அளவு நடந்துகொண்டுதானே இருக்கிறது, இடம் மட்டும்தானே மாறுகிறது என்பதையும் சொல்லுங்கள். பேத்தியின் மூச்சுத் தொல்லைக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். அவள் வீட்டுக்குள் ஒரு கருவியைக் கொண்டுபோய் வைத்து எண்ணைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

கறுப்புக்கு வருகிறேன். படிந்து கைக்குத் தெரிகிற அளவு தூசி பெரும்பாலும் பருமனானது. நம் டப்பா பி.எம். 10 (10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்) என்று ஒரு எண் காட்டும், ஆனால் பருமனான துகளை அது சரியாகப் பார்ப்பதில்லை. சின்னதை வைத்துப் பெரியதை ஊகிக்கிறது, அவ்வளவுதான். அதைவிடப் பருத்தது அதன் கணக்கிலேயே வராது. ஆகவே பழைய முறை. வெள்ளைத் தட்டு ஒன்றை மாடியில் மழைபடாமல் ஒரு வாரம் வையுங்கள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தட்டின் மேல் மெல்ல ஓட்டுங்கள். வண்டிப் புகைக்கரி ஒட்டாது. இரும்புத்தூசி ஒட்டும். உறையைப் புரட்டிக் காந்தத்தை எடுத்துவிட்டால் தூசி காகிதத்தில் விழும், அதைத் தேதி எழுதி மடித்து வைத்துக்கொள்ளலாம். ஒட்டிவிட்டது என்றால் உடனே குதிக்காதீர்கள். வண்டி பிரேக் தேய்மானத்திலும் இரும்பு உண்டு. பட்டறையிலிருந்து தூரமாக, சாலையோரமாக இன்னொரு தட்டு வைத்து ஒப்பிட வேண்டும்.

ஓட்டைக்குடை எழுதியது:

பொம்மை என்று சொன்னது அதிகப்படிதான். கருவிகளை வரைபடத்தில் பொதுவில் போடுகிறீர்களா? போட்டால் வீட்டுக் கதவு வரை காட்டாமல் புள்ளியைத் தெருமுனைக்கு நகர்த்தி வையுங்கள். பட்டறையோடு தகராறு என்றால் எந்த வீடு என்று தெரியாமல் இருப்பது நல்லது.

மொட்டைமாடி எழுதியது:

சந்திப்பு முடிந்து வந்து எழுதுகிறேன்.

கருவிகள் எதிர்வீட்டு மாடியில் பத்து நாள் இருந்தன. ஐந்து கருவி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அவருடையது மட்டும் எல்லா நேரமும் மற்றவற்றைவிட 1.6 மடங்கு. 48-க்கும் 83-க்கும் இருந்த தகராறு பெரும்பாலும் அதோடு தீர்ந்தது. 312 வந்த காலையை நோட்டோடு பார்த்தோம். ஈரப்பதம் 96. அந்தத் தாளை அவரே மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

பிறகு இரண்டைச் சுவரோரமும் இரண்டைத் தெருவின் மறுகோடியிலும் வைத்தோம். மீதி இரண்டு அவரவர் வீட்டில். மூன்று வாரத்தில் ராத்திரி காற்று பட்டறைப் பக்கமிருந்து வந்தது பதினோரு நாள். அதில் ஒன்பது நாள், பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைக்கும், சுவரோரக் கருவிகள் மறுகோடியைவிட 20-க்குக் குறையாமல் அதிகம் காட்டின. காற்று மாறின நாட்களில் வித்தியாசமே இல்லை. கோப்பின் நேரத்தை முதலில் சரிபார்த்தேன் அம்மா, எங்களுடையதும் உலகப் பொது நேரம்தான்.

இந்த ஒரு தாளைத்தான் எடுத்துப் போனோம். அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "ஈரப்பதம் எவ்வளவு?" தனிக் கட்டமாகவே போட்டிருந்தோம். இரண்டாவது கேள்வி, காற்றின் திசையை எதை வைத்துச் சொல்கிறீர்கள். ரிப்பன் என்றதும் சிரித்தார், ஆனால் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்தார். அவர்களுடைய கருவியை மூன்று ராத்திரி சுவரோரம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேதி சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் இப்போதே தினம் ஒரு தடவை போன் போட்டுக் கேட்கிறார்.

வாடைக் குறிப்பில் இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு வீட்டு எழுத்தும் பாதி நாள் ஒத்துப்போகவில்லை, ஒருவருக்கு மூக்கடைப்பு வேறு.

தட்டு வைத்து ஒரு வாரம் ஆனது. நேற்று காந்தத்தை உறைக்குள் போட்டு ஓட்டினேன். முனையில் கறுப்பாக மீசை முளைத்தது. காகிதத்தில் உதிர்த்துத் தேதி எழுதி மடித்துவிட்டேன். இரண்டாவது தட்டை இன்று காலை பெரிய சாலைப் பக்கம், ஒரு நண்பர் வீட்டு மாடியில் வைத்து வந்தேன். அடுத்த வாரம் எடுக்க வேண்டும்.